பூஜையில் வைத்த போன்

இந்த வருஷம் ஆயுத பூஜையை ஒரு ஃபேக்டரியில் கொண்டாடினேன். ஒரகடத்தில். கொண்டாடினேன் என்பதைவிட மாட்டிக்கொண்டேன் என்பதுதான் சரி. காரணம் பிலோமினா.

பிலோமினா என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவள். மெக்கானிக்கல் வகுப்பில் மொத்தமே நாங்கள் இரண்டு பெண்கள்தான். பிடிக்கிறதோ பிடிக்கவில்லையோ, சிநேகிதிகளாக இருந்தே தீர வேண்டிய நிலைமை! படிப்பு முடிந்ததும் நான் மிஷினுக்குப் பயந்து வாய்ப்பேச்சுப் பக்கம் ஒதுங்கிவிட்டேன். கம்பெனி கம்பெனியாகப் போய் ‘டைம் மேனேஜ்மென்ட்’, ‘லீடர்ஷிப்’ என்று வகுப்பு எடுப்பது, வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்களிடம் புலம்புவது… இதுதான் என் பிழைப்பு. அவள் மிஷினோடு நின்றுவிட்டாள். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண். இன்று ஒரகடத்தில் ஒரு கார் பாகக் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர். கார் கதவுக்குள்ளே கண்ணாடியை ஏற்றி இறக்குகிற சமாசாரம் ஒன்று இருக்கிறதல்லவா, அதைத்தான் அங்கே ஆட்கள் வரிசையாக நின்று பாகம் பாகமாகப் பூட்டிச் செய்கிறார்கள்; அந்த வரிசைக்குத்தான் ‘லைன்’ என்று பெயர்.

பிலோவிடம் ஒரு போன் இருக்கிறது. அந்தப் போன் அடிக்காத நேரத்தில் நான் அவளைப் பார்த்ததே இல்லை.

யார் கூப்பிடுவார்கள் என்று கேட்கிறீர்களா? யார்தான் கூப்பிட மாட்டார்கள்! ஷிப்ட் பஸ் வாலாஜாபாத் ரோட்டில் பஞ்சர். கேன்டீன் சாம்பாரில் உப்பு. கிளவுஸ் தீர்ந்துவிட்டது. புதுப் பையனின் ஐ.டி. கார்டைக் காட்டினால் கேட் திறக்கவில்லை. ஹாஸ்டலில் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல். நடுநடுவே, மிஷினும் நிற்கும். எல்லாவற்றுக்கும் பிலோ, “ம்… சொல்லு” என்பாள். கேட்பாள். கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள். அந்த வேகத்துக்கு அவளுக்குக் கம்பெனியில் நல்ல பெயர்.

ஒருமுறை என் வகுப்புக்கே வந்தாள். ‘எந்த வேலையை முதலில் செய்வது’ என்பதுதான் அன்றைய பாடம். போர்டில் நாலு கட்டம் போட்டு, அவசரம், முக்கியம், ரெண்டும், ரெண்டும் இல்லாதது என்று பிரித்து நான் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். பிலோ அந்த நேரம் முழுக்க வராந்தாவில், காதில் போனோடு! முடிந்ததும் உள்ளே வந்து, “சூப்பரா இருந்துச்சுடி” என்றாள். “எது?” என்றேன். “போர்டுல கட்டம் நேரா போட்டிருந்த” என்றாள்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் இந்த வருஷம் அவளைப் பார்க்கிறபோதெல்லாம் சிரிப்பு வரவில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம். பி.பி. மாத்திரை. தூக்கம் என்றால் பாதித் தூக்கம், தலையணைக்குப் பக்கத்தில் போன். டாக்டர் வேலையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். “யார் செய்வா டாக்டர்?” என்று அவரிடமே கேட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

“நான் இல்லாட்டி லைன் நின்னுடும்டி” என்று என்னிடமும் சொன்னாள். சலிப்பாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது உதட்டோரத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்ததே… அதையும் நான் பார்த்தேன். உங்கள் ஆபீஸிலும் அப்படி யாராவது இருப்பார்கள். கண்ணாடியில்கூட இருக்கலாம்!

பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் போன் செய்தாள். குரலே சரியில்லை.

“சுடலை பேப்பர் போட்டுட்டான்டி.”

சுடலைமுத்து அவளுடைய செகண்ட் ஷிப்ட் சூப்பர்வைசர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முப்பது வயதைத் தாண்டியவர். ஒரகடத்தில் நாலு பேரோடு ரூமில் தங்கி வேலை பார்க்கிறவர். அதிகம் பேச மாட்டார். வேலையில் கெட்டி. ராஜினாமா கொடுத்துவிட்டு நோட்டீஸ் பீரியடில் இருக்கிறார். பக்கத்து ரோட்டிலேயே வேறொரு கம்பெனி அவரைக் கூப்பிட்டிருக்கிறது.

“அவன் போயிட்டான்னா ரெண்டு ஷிப்டும் என் தலையிலதான். என் உடம்பு தாங்காதுடி” என்றாள். அப்படி அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

“ஏன் போறாருன்னு கேட்டியா? உட்கார வெச்சுப் பேசினியா?”

“பேசணும்.”

“எப்போ?”

“ரெண்டு தடவை கூப்பிட்டு உட்கார வெச்சேன். ரெண்டு தடவையும்… இரு இரு, இன்னொரு கால் வருது.”

கட். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த இன்னொரு கால் முடிந்ததும் மறுபடி கூப்பிட்டாள். பூஜைக்கு வரச் சொல்லி. எங்கள் ஆட்களுக்கு நாலு நல்ல வார்த்தை பேசு, பொரி கடலை வாங்கிக்கொண்டு போ, திரும்பும்போது பூந்தமல்லியில் இறக்கிவிடுகிறேன் என்றாள். போனேன்.

ஃபேக்டரி ஆயுத பூஜையைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்க வேண்டும். மிஷின்களையெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, வாழைக்கன்று கட்டி, தோரணம் விட்டு, ஃபோர்க் லிஃப்ட்டின் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து… அன்று ஒரு நாளைக்கு எண்ணெய் வாசனை தோற்று, சாம்பிராணி வாசனை ஜெயித்துவிடுகிறது. எல்லாரும் புதுச் சட்டை. எப்போதும் யூனிஃபார்மிலேயே பார்த்த முகங்களை, அன்றைக்கு அடையாளம் கண்டுபிடிக்க ஒரு நொடி ஆகிறது என்று பிலோவே சொன்னாள்.

சாமி படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்து, ஒவ்வொரு செக்‌ஷனிலிருந்தும் ஒரு கருவி வைத்திருந்தார்கள். ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், அளவு பார்க்கிற வெர்னியர். பூசாரி மணியை ஆட்டி தீபாராதனை காட்ட ஆரம்பித்தார். கூடவே இன்னொரு மணியும் அடித்தது. பிலோவின் போன்! கட் பண்ணினாள். மறுபடி அடித்தது. கட். மறுபடி. கும்பிடுவதற்காக அதை இலைக்குப் பக்கத்தில் மேஜை ஓரமாக வைத்துவிட்டுக் கையைக் கூப்பினாள். அங்கேயும் அது அடித்தது.

“இன்னா மேடம், சாமி காரியத்துல கூட அட்ச்சிகினே கீது?” என்று ஒரு குரல்.

கௌரி. வடக்குப்பட்டுக்காரி. லைன் லீடர், அதாவது லைனில் வேலை செய்கிறவர்களில் மூத்தவள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், வாய்க்குப் பூட்டு கிடையாது. என்ன ஏது என்று நாங்கள் பார்ப்பதற்குள், அந்தப் போனை எடுத்தாள். ஆஃப் பண்ணினாள். சந்தனத்தைத் தொட்டு அதன் நெற்றியில் – போனுக்கு நெற்றி எது என்று கேட்காதீர்கள், அவளுக்குத் தெரிந்திருந்தது – ஒரு பொட்டு வைத்து, மேலே குங்குமம் வைத்து, ஒரு சாமந்திப் பூவையும் செருகி, ஸ்பேனருக்கும் வெர்னியருக்கும் நடுவில் இலையில் படுக்க வைத்துவிட்டாள்.

“நம்ம லைன்லயே ரொம்ப ஓட்ற மிஷின் இதான். இதுக்குப் போடாத பூஜை இன்னா பூஜை?”

கூட்டம் மொத்தமும் சிரித்தது. பிலோவும் சிரித்துவிட்டாள். பூசாரி சளைத்தவரா? கற்பூரத்தை அதற்கும் ஒரு சுற்று காட்டினார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

பூஜையில் வைத்ததை எடுக்கக் கூடாது. மறுநாள் புனர்பூஜை போட்டபிறகுதான் தொடலாம். பாடப் புத்தகத்தை சரஸ்வதிக்கு முன்னால் அடுக்கிவிட்டு, ‘இன்னைக்குப் படிக்கக் கூடாது’ என்று நம்மைச் சந்தோஷப்படுத்திய அதே சட்டம்தான். ஓடுகிற மிஷினுக்கு விலக்கு உண்டு. ஆர்டர் இருந்தால் சாமியும் ஒத்துக்கொள்கிறது! அன்றும் பிலோவின் லைன் மட்டும் செகண்ட் ஷிப்ட் ஓட வேண்டியிருந்தது. ஆனால் இலையில் வைத்தது வைத்ததுதான்.

பிலோ இலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எடுத்துக்கோடி. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது” என்றேன்.

என்னைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னாள். “நீ எடுக்கலாம். கௌரி எடுக்கலாம். நான் எடுக்கக் கூடாதுடி.”

“ஏன்?”

“அவங்க எடுத்தா விளையாட்டு. நான் எடுத்தா வேற மாதிரி ஆயிடும். கிறிஸ்மஸ் வந்தா ரிசப்ஷன்ல குடில் கட்டறது யாரு, சொல்லு? இந்த கௌரிதான். வருஷா வருஷம் இங்க முதல் கற்பூரம் என்னையத்தான் ஏத்தச் சொல்றாங்க. அதுக்கு ஒரு நாள் போன் இல்லாம இருக்க மாட்டேனா நானு?”

எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில். கௌரி வேறு தூரத்திலிருந்தே, “வூட்டுக்கு என் போன்ல சொல்லிட்டேன் மேடம், சார் கவலப்பட மாட்டாரு” என்று கத்தினாள். தப்பிக்க இருந்த கடைசி வழியும் அடைபட்டது.

பேசுவது சுலபம். செகண்ட் ஷிப்ட் ஆரம்பித்ததும் பிலோ குட்டி போட்ட பூனை மாதிரி ஆகிவிட்டாள். கேன்டீனுக்கும் வாசலுக்கும் நடந்தாள். கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகும்… வெறுங்கையாகத் திரும்பும். “இந்நேரம் யாராச்சும் கூப்பிட்டிருப்பாங்க” என்றாள். “கூப்பிட்டிருந்தாலும் எடுக்க முடியாதே” என்றேன். “அதான் பயமா இருக்கு” என்றாள். உள்ளே போய் ஒவ்வொருவரிடமும் ஏதாவது பிரச்னையா என்று கேட்டு வரத் தயாரானவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். லைன் பக்கமிருந்து மிஷின் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் சுடலை கேன்டீனைக் கடந்து போனார். பிலோ ஒரு கணம் யோசித்தாள்.

“சுடலை, கொஞ்சம் வா. டீ சாப்பிடலாம்.”

அவர் தயங்கினார். “லைன் ஓடுது மேடம்.”

“கௌரி பாத்துப்பா. வா.”

வந்தார். நான் எழுந்தேன். “நீங்க இருங்கம்மா, ரகசியம் ஒண்ணும் இல்ல” என்று என்னையும் உட்காரச் சொன்னார். மூன்று டீ வந்தது. நடுவில் ஒரு தட்டு பொரி. இரண்டு தடவை அறுந்துபோன அந்தப் பேச்சு, மூன்றாவது தடவையாக ஆரம்பித்தது.

“எதுக்கு சுடலை போற? சம்பளமா?”

“இல்ல மேடம். அங்கயும் இதே சம்பளந்தான்.”

“அப்புறம்?”

டீயை ஒரு வாய் குடித்தார். “என்னத்தச் சொல்ல மேடம்…”

“சொல்லு.”

“போன மாசம் ஒரு சென்சார் போச்சுல்லா? ஸ்டோர்ல புதுசு இருக்கு. மாத்தவும் எனக்குத் தெரியும். மாத்தலாம்னு போனா, பக்கத்துல நிக்க பய கேக்கான், ‘மேடம்கிட்ட கேட்டாச்சாண்ணே?’ன்னு. நானும் உங்களுக்குப் போன் போட்டேன். நீங்க ‘மாத்து’ன்னீங்க. மாத்தினேன். தினமும் இப்படித்தான. நான் சூப்பர்வைசரா, இல்ல உங்களுக்குப் போன் போட்டுக் குடுக்கவனா?”

பிலோ டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

“ஊருக்குப் போனா எங்கம்மா கேக்கா, ‘ஏல, அங்க உனக்கு என்ன வேலைல?’ன்னு. பதில் சொல்லத் தெரியல மேடம்.”

“உன்மேல நம்பிக்கை இல்லாம இல்ல சுடலை. தப்பு எதுவும் ஆயிடக் கூடாதேன்னுதான்…”

“தப்பு பண்ணாம எப்படி மேடம் படிக்கது?” என்றார். கோபமே இல்லாமல்தான் கேட்டார். “நான் கூப்பிட்டா நீங்க திட்டினாக்கூடப் பரவால்ல. நீங்க திட்ட மாட்டீங்க. ஒடனே பதில் சொல்லிருதீங்க. அதான் கஷ்டம்.”

எனக்குச் சுருக்கென்றது. எந்த வேகத்துக்காக அவளைக் கம்பெனியே மெச்சுகிறதோ, அந்த வேகம்தான் இந்த மனுஷரை வாசல் வரை தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. அவள் மாடாக உழைத்தது அவளை மட்டும் சோர வைக்கவில்லை. வேலை தெரிந்த இன்னொருவரை வேலையில்லாமல் உட்கார்த்தியும் வைத்திருக்கிறது.

பிலோ பொரித் தட்டை ஓரமாக நகர்த்தினாள். பிறகு நிமிர்ந்தாள்.

“சரி. இனிமே செகண்ட் ஷிப்ட் உன்னோடது. லைனை ஓட்டறது, நிறுத்தறது, ஆளை மாத்தறது எல்லாம் நீதான். யாருக்காச்சும் அடிபட்டா எனக்குப் போன் பண்ணு. தீப்பிடிச்சாப் பண்ணு. மத்ததெல்லாம் மறுநாள் காலைல சொன்னாப் போதும்.”

சுடலை சிரித்தார். நம்பாத சிரிப்பு.

“நாளைக்குப் போன் உங்க கைக்கு வந்திரும்லா மேடம்?”

பிலோவின் கை மறுபடி வெறும் பாக்கெட்டுக்குப் போய்த் திரும்பியது.

“நோட்டீஸ் முடிய இன்னும் ஒரு வாரம் கெடக்கு. பாப்போம்” என்று எழுந்து போய்விட்டார்.

சொன்னபடி என்னைப் பூந்தமல்லிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். செம்பரம்பாக்கம் தாண்டும்போது, “ரெண்டு தடவையும் நான்தான் எந்திரிச்சுப் போனேன்டி” என்று மட்டும் சொன்னாள்.

நான் என் நாலு கட்டத்தை நினைத்துக்கொண்டு வந்தேன். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். சாம்பார் அழும், பஸ் அழும், ஐ.டி. கார்டு அழும். ஓடி ஓடிப் பால் கொடுப்போம். சுடலை மாதிரி ஆட்கள் அழுவதில்லை. ஒருநாள் பேசாமல் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவசரமா முக்கியமா என்றெல்லாம் குழம்புவதைவிட, ‘இதை நான் செய்யாவிட்டால் செய்ய வேறு ஆள் உண்டா?’ என்று கேட்டுவிடலாம் என்று அன்று தோன்றியது. சாம்பாருக்கு ஆள் உண்டு. பஸ்ஸுக்கு ஆள் உண்டு. சுடலையை உட்கார வைத்துப் பேசுவதற்கு பிலோவை விட்டால் யார் இருக்கிறார்கள்? அந்த ஒரு வேலைதான் தினமும் கடைசிக்குத் தள்ளப்பட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் புனர்பூஜை முடிந்து போன் கைக்கு வந்ததும், முதலில் எனக்குத்தான் பேசினாள்.

“ஏய், கேளேன். மெசேஜா கொட்டிக் கெடக்குது. ‘மேடம், லேபிள் பிரின்ட்டர் வேலை செய்யல’ன்னு ஒருத்தன். கீழயே, ‘சரியாயிடுச்சு மேடம்.’ ‘மேடம், ரெண்டு பேர் ஷிப்டுக்கு வரல’ன்னு ஒண்ணு. கீழயே, ‘ஆள் போட்டாச்சு மேடம்.’ எல்லாம் அவங்களே முடிச்சிருக்காங்கடி!”

குரலில் சந்தோஷம் இருந்தது. கூடவே லேசான மனத்தாங்கலும் இருந்தது. நமக்கு மனசு அப்படித்தான். ‘நீ இல்லாமல் முடியவில்லை’ என்று சொன்னால் உடம்பு வலிக்கும், ‘நீ இல்லாமலே முடித்துவிட்டோம்’ என்றால் மனசு வலிக்கும்.

அந்த வாரம் அவளிடமிருந்து சத்தமே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை, அவள் சர்ச்சிலிருந்து வந்ததும் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஓட்டலில் சந்தித்தோம். பொங்கல் சாப்பிட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்.

வாரத்தின் நடுவில் ஒருநாள், சாயங்கால டீ பிரேக் முடிந்து லைன் ஓட ஆரம்பித்ததும், அசெம்பிளி பண்ணும்போது ஒரு பிளாஸ்டிக் கிளிப் விரிசல் விட்டிருக்கிறது. அடுத்து இன்னொன்று. சுடலைக்குச் சந்தேகம். வெளியிலிருந்து புதிதாக வந்து இறங்கிய சரக்கு அது. மொத்தச் சரக்குமே மட்டமாக இருந்தால்? கார் கதவுக்குள் போய் உடைந்தால்? லைனை நிறுத்திவிட்டார். அந்தப் பெட்டிகளை ஒதுக்கி வைத்து, ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொன்னார். பிலோவுக்குப் போன் செய்யவில்லை.

ஆனால் பிலோவுக்குத் தெரிந்துவிட்டது. லோடுக்காகக் காத்திருந்த லாரி டிரைவர் அவளுடைய நம்பரை வைத்திருந்தார். “லைன் நின்னுகினு கீது மேடம், உங்களுக்குத் தெரியுமா?” என்று கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

“கையில போன். அதுல சுடலை நம்பர். ஒரு தடவை அமுக்கினாப் போதும்” என்றாள் பிலோ.

“அமுக்கினியா?”

“இல்ல.”

“என்ன பண்ணின?”

“வெண்டைக்கா நறுக்கினேன். வூட்ல இருந்த வெண்டைக்கா மொத்தமும் நறுக்கிட்டேன். அவரு வந்து பாத்துட்டு, வூட்டுக்கு யாருனா விருந்தாளி வராங்களான்னு கேக்கறாரு!”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கு அவள் பட்ட பாடு முகத்தில் இன்னும் இருந்தது.

இங்கே ஒரு திருப்பம் வர வேண்டும் அல்லவா? கிளிப் உண்மையிலேயே மட்டம், சுடலை கம்பெனி மானத்தைக் காப்பாற்றிவிட்டார், எல்லாரும் கை தட்டினார்கள் என்று? அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சரக்கு நல்ல சரக்குதான். இறக்கும்போது ஒரு பெட்டியைக் கீழே போட்டிருக்கிறார்கள், அதிலிருந்த சில கிளிப்களில்தான் விரிசல். மற்றதெல்லாம் முதல் தரம். லைனை நிறுத்தியிருக்கவே வேண்டாம். ஆனால் அதைக் கண்டுபிடிப்பதற்குள் லாரி பாதி லோடோடு கிளம்பிப் போயிருந்தது. மறுநாள் காலையில் கார் கம்பெனியிலிருந்து பிளான்ட் ஹெட்டுக்கு போன். பிளான்ட் ஹெட்டிடமிருந்து பிலோவுக்கு. சுடலைக்கு மதியத்துக்கு மேல்தான் ஷிப்ட், ஆனாலும் விஷயம் கேள்விப்பட்டுக் காலையிலேயே வந்து நின்றுவிட்டார்.

பிளான்ட் ஹெட் அறையில் மூன்று பேர். சேரில் உட்காரச் சொல்லக்கூட இல்லையாம்.

“நல்ல சரக்கை வெச்சுக்கிட்டு லைனை நிறுத்தியிருக்கார். உங்களைக் கேட்டாரா?”

“இல்ல சார்.”

“ஏன் கேட்கலை?”

“கேக்க வேணாம்னு நான்தான் சார் சொன்னேன்.”

“அப்போ உங்களுக்கு விஷயமே தெரியாது?”

‘தெரியாது சார்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிலோ தப்பித்திருப்பாள். சுடலையின் தலை மட்டும் உருண்டிருக்கும். அவர்தான் எப்படியும் போகப்போகிறவராயிற்றே… போகிறவன் தலையில் பாரத்தை ஏற்றி அனுப்புவது நம்மூரில் எல்லா ஆபீஸிலும் நடக்கிறதுதானே?

“தெரியும் சார். டிரைவர் சொன்னாரு.”

“தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா!”

“ஆமா சார். நிறுத்தினது தப்புதான். ஆனா சந்தேகம் வந்தா நிறுத்தறது அவரு வேலை. முடிவு அவருது, பொறுப்பு என்னுது. நாளைக்கே சந்தேகம் வந்தாலும் அவரு நிறுத்துவாரு. என்னைக் கேக்க மாட்டாரு.”

பிளான்ட் ஹெட் ரொம்ப நேரம் திட்டினாராம். திட்டு முழுக்க பிலோவுக்கு. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மேனேஜர் என்றால் மத்தளம்தான். ஆனால் அன்றைக்கு, கீழேயிருந்து, அதாவது சுடலையிடமிருந்து, வந்திருக்க வேண்டிய ஓர் இடி அவளுக்கு வரவில்லை. அறையை விட்டு வெளியே வந்து இருவரும் லைன் வரைக்கும் நடந்து போயிருக்கிறார்கள்.

“சுடலை என்ன சொன்னார்?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லலடி. ‘பெட்டி எறக்குத பயகிட்ட பேசிட்டேன் மேடம், இனி கீழ போட மாட்டான்’னான். அவ்ளோதான்.”

“அவ்வளவுதானா?”

“மத்தியானம் எச்.ஆர்.லேர்ந்து போன் வந்துச்சு. பேப்பரைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டானாம்.”

சொல்லிவிட்டு சாம்பாரை ஊற்றிக்கொள்வதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். மறைப்பானேன்?

யோசித்துப் பாருங்கள். சுடலை செய்தது சரியாக இருந்திருந்தால் அவர் இருந்திருப்பாரா? ஒரு சபாஷ் வாங்கிக்கொண்டு போயிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சரியான முடிவுக்குப் பக்கத்தில் வந்து நிற்க ஊரே தயார். தப்பாய்ப்போன முடிவுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துத்தான், இருப்பதா போவதா என்று மனுஷர்கள் தீர்மானிக்கிறார்கள். பொறுப்பைக் கொடுக்கிறேன் என்று வாயால் சொல்வதற்கு என் மாதிரி வகுப்பு எடுக்கிறவர்கள் போதும். அதற்காகத் திட்டு வாங்குவதற்கு பிலோ மாதிரி ஆள் வேண்டும்.

எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். பி.பி. மாத்திரை தொடர்கிறது. பகல் ஷிப்டில் போன் இன்னமும் அடிக்கத்தான் அடிக்கிறது. நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள்ளேயே ஒருமுறை அடித்தது, கேன்டீன் கான்ட்ராக்டர். பிலோ எடுத்து, “கௌரியைக் கேளுங்க” என்று இரண்டே வார்த்தையில் வைத்தாள். வைத்துவிட்டு, தப்பு செய்த பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தாள்.

காபி வந்தது.

“முந்தாநேத்து செகண்ட் ஷிப்ட்ல ஒரு மிஷின் படுத்துடுச்சாம்டி. சுடலை என்கிட்ட மூச்சு விடல. அவனே சரி பண்ணி ஓட்டியிருக்கான். காலைல போனாத்தான் எனக்கே தெரியுது.”

“கோபம் வரலையா உனக்கு?”

“வராம? நல்லா வந்துச்சு” என்றாள் பிலோ. காபியை ஒரு ஆற்று ஆற்றினாள். “ஆனா ராத்திரி பூராத் தூங்கி எந்திரிச்சப்புறம்தான்டி வந்துச்சு.”